டம்மி சுவிட்சும் டாப் மாடலும்: எதற்குப் பணம் கொடுப்பது?

ஒரு காரில் மிகக் குறைந்த விலை வகையான பேஸ் மாடலில், ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் பார்த்தால், எழுத்தோ படமோ இல்லாத டம்மி மூடிகள் இரண்டு மூன்று இருக்கும். அமுக்கினால் அமுங்காது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் முதலில் கை வைப்பதும் அதில்தான். "இதென்னங்க, ஒன்னும் வேலை செய்யலீங்களே?" என்பார். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றே லட்ச ரூபாய் கூடப் போட்டு டாப் மாடல் எடுப்பவர்கள் உண்டு.

அந்த மூடி ஏன் இருக்கிறது என்பதைக் கோவையில் டை, மோல்டு வேலை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு மோல்டுதான் (அச்சு) பெரிய செலவு. வேரியன்டுக்கு, அதாவது ஒரே காரின் ஒவ்வொரு விலைப் படிக்கும், ஒரு மோல்டு போட்டால் கட்டுப்படியாகாது. எல்லா ஓட்டைகளும் உள்ள ஒரே பேனலை வார்த்துவிட்டு, தேவைப்படாத ஓட்டையைச் சில ரூபாய் மூடியால் அடைப்பது லாபம். ஏற்றுமதிக்கும் அதே பேனல், இரண்டு வருடம் கழித்து வசதி சேர்க்கும்போதும் அதே பேனல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

வசதிகளைக் கழிப்பது வேறு கதை. 'இத்தனை லட்சத்தில் ஆரம்பம்' என்று விளம்பரம் கொடுக்க ஒரு குறைந்த விலை வேண்டும். டாக்ஸிக்கு எடுப்பவருக்கும் அதுவே போதும். வீட்டுக்கு எடுப்பவரை அங்கிருந்து படிப்படியாக மேலே ஏற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு படியிலும், இல்லாவிட்டால் மனசு கேட்காத ஒரு பொருளை அடுத்த படிக்குத் தள்ளி வைப்பார்கள். பின்பக்க வைப்பரை மட்டும் தனியாக வாங்க முடியாது. அதோடு அலாய் வீலும் பெரிய டச் ஸ்கிரீனும் சேர்ந்தே வரும்.

ஆகவே டம்மிகளை எண்ணிப் பயனில்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டிய பொருளைப் பிறகு மாட்ட முடியுமா என்பதை வைத்தே, வாங்குபவர் முன் இருக்கும் மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, பேஸ் மாடல் எடுத்து வெளியே மாட்டிக்கொள்வது. ஃபாக் லாம்ப், ரிவர்ஸ் கேமரா, ஆடியோ, சென்ட்ரல் லாக் எல்லாம் இதற்குச் சரி. பல கார்களுக்கு அந்த டம்மி இடத்திலேயே உட்காரும் சுவிட்ச் கிடைக்கிறது. ஆனால் மூடிக்குப் பின்னால் வயர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செம்புக்குக் காசு என்பதால் கீழ் வேரியன்டில் வயரையும் சேர்த்தே குறைத்திருக்கலாம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வயர் இல்லையென்றால், ரிலேயோடு (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பெட்டி) வரும் தனி வயரிங் செட்டைக் கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) சொருகும்படி போடச் சொல்லுங்கள். கம்பெனி வயரை வெட்டி ஒட்டுப் போட்டால், பிறகு மின்கோளாறு வரும்போது வாரண்டி இல்லை என்று கைவிரிக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, ஷோரூமிலேயே கம்பெனி அக்சஸரியாக வாங்குவது. வெளிக்கடையைவிட விலை கூடும். ஆனால் அந்தக் காருக்கென்றே செய்த பொருள், வாரண்டிச் சண்டையும் இல்லை. மின்சாரம் தொடும் எதற்கும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சீட் கவருக்கும் மேட்டுக்கும் வெளிக்கடையே போதும்.

மூன்றாவது, மேல் வேரியன்டுக்குப் போவது. இங்கேதான் யோசிக்க வேண்டும். சைடு ஏர்பேக், ஈ.எஸ்.சி. (கார் சறுக்கும்போது தானே பிரேக் பிடித்துக் கட்டுப்படுத்தும் அமைப்பு), பின் டிஸ்க் பிரேக் ஆகியவற்றைப் பிறகு சேர்க்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் என்றால் சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, சீட் எல்லாம் அதற்கேற்ப இருக்க வேண்டும். பின்கண்ணாடியில் படியும் மங்கலைச் சூடாக்கிப் போக்கும் டிஃபாகர்கூடக் கண்ணாடியிலேயே பதித்த கோடுகள். சேர்க்க வேண்டுமென்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பத்துக்கு 27. அந்த மலையில் மழையோடு பனியும் இறங்கும்போது பின்னால் ஒன்றும் தெரியாது. மேட்டில் நின்று எடுக்கும்போது கார் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டும் பெரும்பாலும் ஈ.எஸ்.சி.யோடு வருவதுதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சன்ரூஃபுக்காக மேலே போவதையும் ஈ.எஸ்.சி.க்காக மேலே போவதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உயிர் காக்கும் பொருளை வேரியன்ட் ஏணியில் ஏற்றி விற்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். கம்பெனிகள் எல்லாம் தானாக இறங்கி வரவில்லை. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக்குக்கு 2021 ஏப்ரல் வரை காத்திருந்தோம், அதுவும் புது மாடல்களுக்கு மட்டும். அதுவரை குறைந்த விலையில் வாங்கியவர் வீட்டு உயிர் என்ன மலிவா?

விலை கணக்கிலும் ஒரு மேடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13%. 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை, 18%. வரிக்கு எடுத்துக்கொள்ளும் விலை 9.8 லட்சம் என்றால் வரி 1,27,400 ரூபாய். 10.4 லட்சம் என்றால் 1,87,200. அறுபதாயிரம் ரூபாய் வசதிக்காக வேரியன்ட் மாறினால், வரியாகவே கிட்டத்தட்ட இன்னொரு அறுபதாயிரம் போகும். அந்த எல்லையருகே நிற்பவர்கள், மேல் வேரியன்டில் இருப்பது வெறும் அலங்காரம் என்றால் கீழேயே நின்றுவிடலாம்.

நான்காவதாக ஒன்றும் உலகில் வந்துவிட்டது. அதில் டம்மி மூடியே கிடையாது. பொருள் உள்ளேயே இருக்கும், மென்பொருளால் பூட்டியிருப்பார்கள். டெஸ்லா 2016இல் 75 கிலோவாட் மணி பேட்டரியை வைத்து 60 என்று பூட்டி விற்றது. பி.எம்.டபிள்யூ. 2022இல் சில நாடுகளில் சீட் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டு, எதிர்ப்பு வந்ததும் அடுத்த ஆண்டு கைவிட்டது. இதோடு ஒப்பிட்டால் வெறும் பிளாஸ்டிக் மூடி நேர்மையானது.

கோவை, திருப்பூர், ஈரோடு என்று சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களும் ஏர்பேக், ஈ.எஸ்.சி. கிடைக்கும் முதல் படி எதுவோ அதுவரை ஏறுங்கள். அதற்கு மேலுள்ளதை ஷோரூமில் கேட்டு மாட்டிக்கொள்ளலாம். மாட்டிய மின் பொருட்களின் மதிப்பை இன்சூரன்ஸ் பாலிசியில் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். குறிப்பிடாவிட்டால் விபத்தில் உடைந்த ஃபாக் லாம்புக்குக் காசு வராது.