நாயைக் கண்டால் நடுங்கும் குழந்தை: எந்த வழி கைகொடுக்கும்?

எங்கள் தெருமுனைப் பால் பூத் வாசலில் செவலை நாய் ஒன்று எந்நேரமும் சுருண்டு படுத்திருக்கும். நான்கு வயது மகளோடு அந்தப் பக்கம் போனால், இருபதடி முன்னாலேயே அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கத் தொடங்கிவிடுவாள். நாய் காதை அசைத்தால் போதும், இடுப்பில் ஏறிக்கொள்வாள். ஓராண்டாக உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாய்க்குட்டி வாங்குவதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன்.

முதலில் செய்தது, வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனது. குழந்தையின் அழுகை அந்த நொடியே நின்றுவிடும் என்பதால் பெரும்பாலான பெற்றோர் இதைத்தான் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும், 'அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்தது, தப்பித்துவிட்டோம்' என்று குழந்தைக்கு நாமே உறுதிப்படுத்துகிறோம். பயம் இருந்த இடத்தில் நிற்பதில்லை. மூன்றே மாதத்தில், பிறந்தநாளுக்குப் போன ஒரு வீட்டின் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்துவிட்டாள். அந்த வீட்டில் நாயே கிடையாது.

அடுத்தது இதற்கு நேரெதிர். உறவினர் வீட்டில், "ஒன்றும் செய்யாது, தொட்டுப் பார்" என்று சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்து லாப்ரடாரின் முதுகில் வைத்தார்கள். அது பாசமாகத்தான் திரும்பி நக்கியது. அன்றிரவு இரண்டு முறை தூக்கத்தில் அலறினாள். கிணற்றில் தள்ளினால்தான் நீச்சல் வரும் என்று இதற்கு நியாயம் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கிணற்றில் இறக்கிவிட்ட தாத்தாக்கள் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிவிட்டுத்தான் இறக்கினார்கள். ஒரே அமர்வில் பயத்தைப் போக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் வகுத்தது, மூன்று மணி நேரம் வரை நீளும். அதிலும் சிகிச்சையாளர் படிப்படியாகத்தான் போகிறார்; குழந்தை சம்மதிக்காமல் அடுத்த படி இல்லை. வற்புறுத்தலோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். மாமியாரின் மனம் நிறைந்தது, குழந்தைக்கும் தீங்கில்லை. ஆனால் கயிறு கட்டிய கையோடு மறுபடி சுற்றுவழியில் போனால் எதுவும் மாறாது. நாய்க்குட்டி வாங்கும் யோசனையை அப்போதே மறுத்துவிட்டேன். குட்டிகள் தாவும், பல் முளைக்கும் வயதில் கண்டதையும் கடிக்கும். பயந்த குழந்தைக்கு அதுவே போதும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழப்போகிற ஓர் உயிரை மருந்துபோல வாங்கி, பலிக்கவில்லை என்று தெருவில் விடுவது பெரும்பாவம்.

இனி, உண்மையில் போட்டியிடத் தகுதியுள்ள இரண்டு வழிகள். ஒன்று, தூரத்தைச் சிறுகச் சிறுகக் குறைப்பது. 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் விட்டான். இதில் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது நடுவில் நடந்த ஒரு சம்பவம். காய்ச்சலில் படுத்து மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று பீட்டர்மேல் பாய்ந்தது, குறைந்திருந்த பயமெல்லாம் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து, இந்தச் சாப்பாட்டு முறையில் தொடங்கினார்கள், வென்றார்கள். உங்கள் குழந்தையும் ஒருநாள் பின்வாங்கும். அதற்காக மனம் உடைந்துவிடாதீர்கள்.

மற்றொன்று, அஞ்சாத இன்னொரு குழந்தையைப் பார்க்க வைப்பது. 1967-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவர் குழுவினரும், நாய்க்கு அஞ்சும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, ஒரு சிறுவன் நாயோடு விளையாடுவதை நான்கு நாட்களில் எட்டுச் சிறு அமர்வுகளாகக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறகு நாயோடு தனியாக ஓர் அடைப்புக்குள் இருக்கத் துணிந்தார்கள். விளையாடிக் காட்டும் சிறுவன் இல்லாமல் நாயை மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. பெரியவர்கள் ஆயிரம் முறை "கடிக்காது" என்று சொல்வதைவிட, தன் உயரமே உள்ள ஒரு பிள்ளை பந்தை உருட்டுவது குழந்தைக்குப் புரிகிறது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இரண்டாவதைச் சொல்வேன். நான் இரண்டையும் சேர்த்தேன். விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு ஆறு வயது. எதிர்வீட்டு அத்தை தன் நாயைச் சங்கிலியோடு பிடித்துக்கொள்ள, அவன் பந்து உருட்டினான். எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டுக் கேட் வரை கோலமாவால் ஐந்து கோடுகள் போட்டேன். "இன்று எந்தக் கோடு?" என்பது மட்டும்தான் என் கேள்வி, பதில் அவளுடையது. முதல் இரண்டு நாள் படியைவிட்டு இறங்கவே இல்லை, முறுக்கைக் கடித்தபடி பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரே தாவலில் இரண்டாம் கோட்டில் நின்றாள். மறுநாள் அது குரைத்ததும் படிக்கே ஓடினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள், அத்தை நாயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள, அதன் வால் பக்க முதுகை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, "சூடா இருக்கு" என்றாள்.

வெளிநாட்டு ஆய்வுகள் இங்கே அப்படியே பொருந்தாத ஓர் இடம் உண்டு. அவர்கள் காட்டியது வீட்டு நாய். நம் குழந்தைகள் தினமும் பார்ப்பது தெருநாய். அதனிடம் ஓரளவு எச்சரிக்கை இருக்கத்தான் வேண்டும். ஆகவே பயம் தெளியத் தெளிய இதையும் சொல்லிக்கொடுங்கள்: ஓடக் கூடாது, கைகளைக் கீழே விட்டு அசையாமல் நிற்க வேண்டும், கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. கீறல் பட்டாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குக் கூட்டிப்போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பழைய கதையைச் சொல்லி மிரட்டாதீர்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். மிரட்டப்பட்ட குழந்தை கீறலை மறைத்துவிடும். 'சாப்பிடாவிட்டால் நாயிடம் பிடித்துக் கொடுப்பேன்' என்று சோறு ஊட்டுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் பயம் குறையாமல், பள்ளிக்குப் போவதையோ வெளியே விளையாடுவதையோ தடுத்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

என் மகள் இப்போது எதிர்வீட்டு நாய்க்குப் பிஸ்கட் போடுகிறாள். பால் பூத் செவலையைச் சாலையின் மறு ஓரமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தே கடக்கிறாள். அதைத் தொடும்படி அவளிடம் ஒருநாளும் கேட்கப்போவதில்லை.