எட்டிமான்லைன்: சின்னஞ்சிறு ஆங்கிலச் சொற்களின் வேர் தேடுவோருக்கு

ஆங்கிலச் சொற்பிறப்பைப் பற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்து வளர்த்த 'ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி' (சுருக்கமாக எட்டிமான்லைன்) என்னும் தளத்தைத்தான். நீண்ட கலைச்சொற்களைக் கிரேக்கம், லத்தீன் என்று பிரித்துக் காட்டுவது எந்த அகராதிக்கும் எளிது. அன்றாடம் வாயில் புழங்கும் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களில்தான் அதன் தரம் தெரியவரும்.

நாயைக் குறிக்கும் 'டாக்' என்பதைத் தேடிப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுப்பெயர் 'ஹுண்ட்'; அரிதாக வழங்கிய 'டாக்' 16ஆம் நூற்றாண்டுக்குள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆனால் அதன் வேர் தெரியவில்லை என்று இத்தளம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஊகத்தை உண்மைபோல் எழுதாத இந்த நேர்மைக்காகவே இதன் மற்றப் பதிவுகளையும் நம்பிப் படிக்கிறேன். 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே', இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களான வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழி தந்தது; பழைய ஆங்கிலத்தில் அவன், அவள், அவர்கள் ஆகியவற்றுக்கான சொற்கள் ஒலித்திரிபால் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கியதே அது நிலைபெற வழிவிட்டது. பொருள்களின் பெயர்களைத் தாராளமாகக் கடன் வாங்கும் மொழிகள்கூட 'அவர்கள்' போன்ற சுட்டுப்பெயர்களை வாங்குவது அபூர்வம்.

தமிழர்கள் 'கேஷ்' பதிவை அவசியம் படிக்க வேண்டும். அது நம் 'காசு'தான் என்று பலரும் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியே பெட்டி எனப் பொருள்படும் லத்தீனின் 'காப்ஸா'வுக்குச் செல்கிறது. இந்திய, சீனச் சிறு நாணயங்களை ஐரோப்பிய வணிகர்கள் அழைத்த இன்னொரு 'கேஷ்'தான் காசிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருப்பது மிகவும் பயனுள்ள பணி.

குறைகளும் உண்டு. சொல்லருகில் தரப்படும் ஆண்டு, கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளுள் மிகப் பழையதன் காலமே தவிர, சொல் பிறந்த காலமன்று. இதைக் கவனியாமல் மேற்கோள் காட்டுவோர் ஏராளம். ஒவ்வொரு பொருளுக்கும் வரிசையாக மூலமேற்கோள்கள் வேண்டுமென்றால், சந்தா கட்டி ஆக்ஸ்போர்டு பேரகராதியைத்தான் நாட வேண்டும். தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் வருவதால் லகர, ளகர, ழகர வேறுபாடு தெளிவாவதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைப் படிப்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்சிகன்' அகராதியையும் உடன் வைத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.