மின்சார மவுண்டன் சைக்கிளுக்கு ஸ்பிரிங் ஃபோர்க்கா, ஏர் ஃபோர்க்கா? மதுரைப் பக்கத்துத் தடங்களில் ஒரு மதிப்பீடு

மின்சார மவுண்டன் சைக்கிள் வாங்கப் போனால் கடையில் முதலில் பேசப்படுவது மோட்டாரும் பேட்டரியும்தான். முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் கவையான ஃபோர்க்கைப் பற்றிக் கேட்டால், "சஸ்பென்ஷன் இருக்கிறது, லாக்அவுட்டும் (ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் வசதி) இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பதிவு தேவைப்படாத மின் மிதிவண்டியின் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி என்பதால், மோட்டாரில் ஒரு வண்டிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. சரளையிலும் கண்மாய்க்கரையிலும் வண்டி கைக்கு அடங்குமா, அடங்காதா என்பதைத் தீர்மானிப்பது ஃபோர்க். கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து வண்டிப்பாதைகள், அழகர்கோவில் சாலையிலிருந்து பிரியும் செம்மண் தடங்கள் ஆகிய இடங்களில் மூன்று வகை ஃபோர்க்குகளை ஓட்டிப் பார்த்ததன் பேரில் இதை எழுதுகிறேன். (அழகர்மலைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது, நான் சொல்வது மலைக்கு வெளியே உள்ள ஊர்த்தடங்களை.)

முதலாவது, விலை குறைந்த வண்டிகளுடன் சேர்ந்தே வரும் சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க். ஸ்டான்சியன் எனப்படும் அதன் மேல்குழாய்கள் 28 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. சக்கரத்தைப் பிடித்திருப்பது குவிக் ரிலீஸ் அச்சு, அதாவது நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் மெலிந்த அச்சு. மோட்டார் இல்லாத மவுண்டன் சைக்கிளுக்கு இது ஒருவாறு போதும். ஆனால் மின்சார வண்டி மட்டுமே 20 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். ஓட்டுபவரையும் தண்ணீர், பை ஆகியவற்றையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறது. கண்மாய்க்கரையின் சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் அந்த எடையில் பெரும்பங்கு முன்சக்கரத்தின் மேல் வந்து விழ, மெலிந்த குழாய்கள் பின்னோக்கி வளைகின்றன. வளைந்த குழாய் உறைக்குள் சரியாக வழுக்காது என்பதால், ஃபோர்க் எப்போது அமுங்க வேண்டுமோ அப்போதுதான் இறுகி நிற்கிறது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள், சக்கரம் அசையாமல் ஹேண்டில்பார் மட்டும் எவ்வளவு திரும்புகிறது என்பதே அந்த ஃபோர்க்கின் தளர்ச்சி.

இவ்வகை ஃபோர்க்கின் மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். அதைத் திருகினால் ஃபோர்க் கடினமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அது ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை மாற்றுகிறதே தவிர, ஸ்பிரிங்கின் வலுவை மாற்றுவதில்லை. 55 கிலோ உள்ளவருக்கும் 90 கிலோ உள்ளவருக்கும் ஒரே ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது. ரீபவுண்டு எனப்படும் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் இவற்றில் பெரும்பாலும் கிடையாது. வேகத்தடையைத் தாண்டியவுடன் ஃபோர்க் முழு நீளத்துக்கும் எகிறி "டக்" என்று இடிக்கும் சத்தம் அதனால் வருவதே. தார்ச்சாலையில் இது வெறும் எரிச்சல். சரளையில் அடுத்தடுத்துக் கற்கள் வரும்போது டயர் தரையை விட்டுக் கிளம்பிவிடுவதால் திருப்பத்தில் ஆபத்து.

ஆகவே மின்சார வண்டிக்கு ஃபோர்க் தேர்ந்தெடுக்கும்போது ஸ்பிரிங்கா, காற்றா என்ற கேள்விக்கு முன்னதாகக் குழாயின் விட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. ஃபாக்ஸ் நிறுவனத்தின் 34, 36, 38 என்ற பெயர்களே மில்லிமீட்டரில் குழாயின் விட்டத்தைக் குறிப்பவைதாம். ராக்‌ஷாக்ஸில் லிரிக் என்ற வகை 35, ஜெப் என்ற வகை 38. மின்சார வண்டிகளுக்கென்றே தடித்த சுவருள்ள குழாய்களுடன் தனி வகைகளும் தயாராகின்றன. நம் பக்கத்துத் தடங்களுக்கு 38 தேவையே இல்லை. அது செங்குத்தான மலைச்சரிவில் பாய்ந்து இறங்குபவர்களுக்கானது. 34 அல்லது 35 மில்லிமீட்டர் குழாயும் 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை அமுங்கும் தூரமும் இங்கே தாராளம்.

நான் ஓட்டிய இரண்டாவது ஃபோர்க் 34 மில்லிமீட்டர் குழாயும் 15 மில்லிமீட்டர் துரூ ஆக்ஸிலும் (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகிப் பிடிக்கும் தடித்த அச்சு) கொண்ட ஸ்பிரிங் வகை. முதலாவதிலிருந்து இதற்கு மாறியவுடன் தெரிந்த வேறுபாடு, இதிலிருந்து ஏர் ஃபோர்க்குக்கு மாறியபோது தெரியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறு கற்களின் மேல் ஸ்பிரிங் காட்டும் மென்மை தனியானது. காற்றை அடைத்து வைக்கும் இறுக்கமான சீல்கள் அதில் இல்லாததால் உராய்வு குறைவு, சிறு அதிர்வுக்கும் உடனே அசைகிறது. எடை கூடுதல் என்ற குறையை மோட்டார் விழுங்கிவிடுகிறது. ஆனால் உடல் எடைக்கேற்ற ஸ்பிரிங்கைத் தனியே வாங்கி மாற்ற வேண்டும், அந்த ஸ்பிரிங் கிடைக்கவும் வேண்டும். வீட்டில் ஒரே வண்டியை அப்பாவும் மகளும் ஓட்டுவதாக இருந்தால் இந்த வகை சரிவராது.

மூன்றாவது, 35 மில்லிமீட்டர் ஏர் ஃபோர்க். இதில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்று. ஷாக் பம்பு எனப்படும் அதற்கான சிறு காற்றடிப்பான் கையில் இருந்தால் போதும், ஓட்டுபவரின் எடைக்கேற்ப அழுத்தத்தைச் சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம்; தொடக்க அளவு ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளின் கீழ்க்காலிலேயே அட்டவணையாக ஒட்டப்பட்டிருக்கும். ஓட்டும் உடையோடும் பையோடும் வண்டியின் மேல் நின்று, குழாயில் உள்ள ரப்பர் வளையம் எவ்வளவு மேலேறுகிறது என்று பார்க்க வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 24 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஏறினால் சரி. காற்றடித்த பிறகு ஃபோர்க்கை மெதுவாகப் பலமுறை அமுக்கி எடுத்தால்தான் உள்ளே எதிர்ப்புறமிருந்து தள்ளும் எதிர்க்காற்றறையிலும் அழுத்தம் சமமாகும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஏர் ஃபோர்க் கல்லாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அமுங்க அமுங்கக் காற்று தானே இறுகுவதால், வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கும்போது அடிவரை இடிப்பதில்லை என்பது இதன் பெரிய பலம்.

மதுரை வெயிலைப் பற்றியும் ஒரு சொல். காலையில் 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த ஃபோர்க்கில், 42 டிகிரிக்குச் சூடேறியதும் சுமார் 85 பிஎஸ்ஐ இருக்கும். கூர்ந்து கவனிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும், மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: குளிரால் குறையும் அழுத்தத்தில் பெரும்பகுதியை, அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பது ஈடுகட்டிவிடும்.

லாக்அவுட்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. மேட்டில் மிதிக்கும்போது ஃபோர்க் ஆடி நம் உழைப்பை வீணாக்காமல் இருக்க ஏற்பட்ட வசதி அது. மோட்டார் உதவும் வண்டியில் அந்த இழப்பு உணரப்படுவதேயில்லை. சிறுமலையின் 18 கொண்டையூசி வளைவுகளையும் லாக்அவுட்டைத் தொடாமலே ஏறலாம். ஹேண்டில்பாரில் லாக்அவுட் விசை இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பணம் ரீபவுண்டு திருகு உள்ள ஃபோர்க்குக்குப் போகட்டும்.

பழைய வண்டியில் ஃபோர்க்கை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் வண்டிச் சட்டத்தில் (ஃபிரேமில்) ஃபோர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழாயை அளந்த பிறகே பணம் கட்ட வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் ஃபோர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை 28.6 மில்லிமீட்டரில் நேராக இருக்கும். நல்ல ஃபோர்க்குகளோ அடியில் ஒன்றரை அங்குலமாக அகன்று வருபவை. தலைக்குழாயின் உள்விட்டம் 44 மில்லிமீட்டராக இருந்தால் அடியில் பேரிங்கைக் குழாய்க்கு வெளியே தாங்கும் வெளிக்கிண்ணம் பொருத்திச் சமாளிக்கலாம். 34 மில்லிமீட்டராக இருந்தால் வழியில்லை. துரூ ஆக்ஸிலுக்கு முன்சக்கரத்தின் ஹப்பையும் (அச்சு செல்லும் நடுப்பகுதி) மாற்ற நேரிடும். அமுங்கும் தூரம் 20 மில்லிமீட்டர் கூடினால் வண்டியின் முன்புறம் ஏறத்தாழ அதே அளவு உயர்ந்து, ஹேண்டில் திரும்பும் தன்மையும் மந்தமாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்சக்கர ஹப்பில் மோட்டார் பொருத்தும் கிட் வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷன் ஃபோர்க் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. மக்னீசியக் கலவையில் வார்த்த கீழ்க்கால்கள் அந்தத் திருகுவிசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பராமரிப்பில்தான் ஏர் ஃபோர்க் செலவு வைக்கிறது. கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து ஆயில் மாற்றும் வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்கிறது ராக்‌ஷாக்ஸ். ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. செம்மண் புழுதியில் ஓட்டுபவர் இதைத் தள்ளிப்போட்டால் சீலுக்குள் புகுந்த மண் குழாயின் பூச்சைச் சுரண்டிவிடும், அதன் பிறகு குழாயையே மாற்ற வேண்டியதுதான். மோட்டார் பைக் ஷாக் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அவர் இந்த வகையைப் பிரித்துப் பழகியவரா என்று கேட்டறிய வேண்டும்; காற்றை முழுவதும் இறக்காமல் மூடியைக் கழற்றினால் அது கையில் அடிக்கும்.

புதிதாக வாங்குபவருக்கு என் தேர்வு 34 அல்லது 35 மில்லிமீட்டர் ஏர் ஃபோர்க். அதன் விலையோடு ஷாக் பம்பையும் ஒரு சீல் கிட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வண்டியை ஒருவர் மட்டுமே ஓட்டுவார், பிரித்துப் பார்க்க ஆளும் இல்லை என்றால், அதே தடிமனில் ஸ்பிரிங் ஃபோர்க் குறைவில்லாதது. தலைக்குழாய் 34 மில்லிமீட்டராக உள்ள மலிவு வண்டி வைத்திருப்பவர் ஃபோர்க்கை விட்டுவிட்டு, அகலமான டயரும் கருவேல முள் குத்திய துளையை அடைக்கும் சீலன்ட் திரவமும் போட்டுக்கொள்வதே அந்தப் பணத்துக்குத் தகும்.