100 மி.லி. கேஸ் சிரிஞ்ச்: கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

வினையில் வரும் வாயுவின் அளவைக் காட்டும் இந்தச் சிரிஞ்ச் கிரேடு 12 வினைவேகச் சோதனைக்கென்றால் கண்ணாடியையே வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வாயு சேர்ந்து, அழுத்தம் ஏறி, திடீரென்று நாலைந்து மி.லி. தாவும். நேரம்-வாயு அளவு வரைபடம் படிக்கட்டாக வரும். தொடக்கச் சரிவைத்தான் நாம் அளக்க வேண்டும். முதலில் கெடுவது அதுதான். சிலிக்கோன் எண்ணெய் தடவினால் ஓரளவு சரியாகும், அவ்வளவே.

கண்ணாடியில் உந்துதண்டு லேசான அழுத்தத்துக்கே நகரும், ஈரம் இல்லாதவரை. டர்பன் கடற்காற்றில் இதுதான் பெரிய தொல்லை. கழுவியபின் அசிட்டோன் விட்டு அலசி நன்றாக உலர்த்துங்கள். வாசலின், கிரீஸ் எதுவும் வேண்டாம். கிடைமட்டமாகப் பிடியுங்கள். கிளாம்பை இறுக்கினால் தண்டு சிக்கும், அதற்குமேல் இறுக்கினால் குழாயில் விரிசல் விழும். தண்டை ஒரு நூலால் கட்டிவையுங்கள், வெளியே விழுந்து உடையாது. கசிவு பார்க்க, 50-க்கு இழுத்து முனையை விரலால் அடைத்து, லேசாக அழுத்தி விடுங்கள். தண்டு பழைய இடத்துக்குத் திரும்பினால் சரி.

இனிச் சோதனை: மக்னீசியம் நாடாவை அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனை அளக்கிறோம். 3 செ.மீ. நாடா சுமார் 0.04 கிராம் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். ஆக்சைடு படலம் இருந்தால் முதல் சில நொடி வினை மந்தமாகத் தெரியும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. எடுத்து, 10 நொடிக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் தீ கூடாது.

டர்பனில், 25 டிகிரியில், இதிலிருந்து 40 மி.லி. ஹைட்ரஜன் வரும். அதே நாடாவை ஜோகன்னஸ்பர்க்கில் போட்டால் 49. அங்கே காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும், அதனால் வாயு அதிக இடம் பிடிக்கிறது. ‘அளவு கூடிவிட்டது, சிரிஞ்ச் தப்பு’ என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். ஆனால் 6 செ.மீ. நாடா போடாதீர்கள்: டர்பனில் 80-இல் நிற்பது அங்கே 98-ஐத் தொடும், வினையின் சூட்டில் இன்னும் கொஞ்சம் விரிந்தால் தண்டு கழன்றுவிடும். இரண்டு ஊர் முடிவுகளை ஒப்பிடுவதானால் மி.லி.யை மோலாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

சிரிஞ்சைவிட ரப்பர் கார்க்தான் அதிகம் கெடுக்கிறது. அழுத்தி மூடும்போதே அது காற்றைத் தள்ளி, வினை தொடங்குமுன் சில மி.லி. ஏறிவிடும். நாடாவைப் போட்டுவிட்டு அவசரமாக மூடினாலோ, தொடக்க வாயு வெளியே போய்விடும். இரண்டுக்கும் ஒரே வழி: நாடாவைச் சின்னக் குப்பியில் வைத்து, குப்பியைக் கூம்புக் குடுவைக்குள் நிமிர்த்தி நிறுத்துங்கள். கார்க்கை மூடி, சிரிஞ்ச் காட்டும் அளவை எழுதிக்கொண்டு, அதன்பிறகு குடுவையைச் சாய்த்து நேரத்தைத் தொடங்குங்கள். எழுதிய அளவைப் பின்னால் எல்லா எண்ணிலிருந்தும் கழித்துவிடலாம்.

அமிலம் வேண்டாம் என்பவர்களுக்கு மருந்துக்கடை 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 5 மி.லி.யோடு மாங்கனீசு டைஆக்சைடு ஒரு சிட்டிகை சேர்த்தால் டர்பனில் 54 மி.லி. ஆக்சிஜன் வர வேண்டும். குறைவாக வந்தால் முதலில் பாட்டிலைச் சந்தேகியுங்கள். திறந்து நாளான பெராக்சைடு தானாகவே சிதைந்து வலு குறைந்திருக்கும்.