பழைய கிராமக் கணக்குகளை நம்பி ஒப்படைக்கத்தக்க ஒரு தருமபுரிக் கடை

தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், மனு என்று நாள் முழுவதும் ஓடும் அக்கடைகளில் ஒன்றில், திறந்து வைத்த பேரேட்டை மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. இப்பகுதியின் அரசியல் வளர்ச்சியை ஆராய்ந்துவரும் எனக்கு அந்தக் கருவியும் அதை இயக்குபவரின் கைப்பக்குவமும் எந்த அளவுக்கு உதவின என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜெராக்ஸ் கடையை ஓர் ஆய்வாளன் இவ்வளவு கறாராக எடைபோடுவதற்குக் காரணம் இம்மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, குடியானவர்களிடம் நேராகத் தீர்வை (நிலவரி) வாங்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பின்னாளில் ரயத்வாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய முறைக்கு இதுவே தொடக்கம். இடைத்தரகரை விலக்கி ஒவ்வொரு குடியானவனோடும் அரசு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஒவ்வொரு வயலுக்கும் பேரேட்டில் ஒரு வரிக் குறிப்பு எழுதியாக வேண்டும். அந்தக் குறிப்பை எழுதுகிற கர்ணம், அதாவது கிராமக் கணக்கர், ஊரில் பெரிய மனிதராகிவிடுவார். அன்று மாவட்டத் தலைநகராயிருந்த சேலத்திலிருந்து பார்த்தாலே தொலைவாகத் தெரிந்த சித்தேரி, வத்தல்மலை அடிவாரத்து ஊர்களில் அரசு என்பது நடைமுறையில் அந்தப் பேரேடுதான். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகும், பழைய கர்ணம் வீடுகள் சிலவற்றில் கணக்குகளின் படிகளும் ரசீதுக் கட்டுகளும் பரணில் தங்கிவிட்டன. அவற்றை வாசிக்கத் தருபவர்கள், மாலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தருகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே, காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று சொல்லும் கடை எனக்கு உதவாது. இந்தக் கடையில் நம் கண் முன்னாலேயே வேலை நடக்கிறது. நான் கொண்டுபோன பேரேட்டின் தையல் தளர்ந்திருந்தது. சாதாரண ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தியிருந்தால் நடுமுதுகு பிளந்திருக்கும். இயக்குபவர் அதை மல்லாக்க வைத்து, இரு பக்கங்களும் ஒரே உயரத்தில் நிற்குமாறு இடது அட்டையின் அடியில் பழைய நாளிதழை மடித்துக் கொடுத்தார். எச்சில் தொடாமல், தாளின் மேல்மூலையைப் பிடித்துப் பக்கம் புரட்டினார். செல்லரித்த தாள்களுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகியதால், அடுத்த பக்கத்து எழுத்து ஓட்டை வழியே தெரிந்து குழப்பவில்லை. இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குறை ஒன்று உண்டு, அது சிறிய குறையும் அன்று. அங்குள்ள மென்பொருள், யாரும் கேட்காமலேயே பக்கத்தை ‘வெளுத்து’க் கொடுக்கிறது, ஓரங்களையும் தானாக வெட்டிவிடுகிறது. மனுவுக்கோ சான்றிதழுக்கோ அது அழகாக இருக்கலாம். கிராமக் கணக்கில் அரசியல் பெரும்பாலும் ஓரத்தில்தான் நடக்கிறது: தீர்வை தள்ளுபடி கேட்டவர் பெயர், பட்டா மாறியதற்கான காரணம், மேலதிகாரி சிவப்பு மையில் இட்ட கேள்வி, அதற்குக் கர்ணம் பென்சிலில் எழுதிய மழுப்பலான பதில். முதலில் கிடைத்த படங்களில் பென்சில் எழுத்து அடியோடு காணாமற்போய், சிவப்பு மை வெளிறிய சாம்பலாக நின்றது. எடுத்துச் சொன்னதும் முகம் சுளிக்காமல், கூடுதல் கட்டணமும் இல்லாமல், முழு வண்ணத்தில், ஓரம் வெட்டாமல் மறுபடியும் எடுத்துக் கொடுத்தார்கள். இருந்தாலும் விவரம் அறியாத ஒருவர் அந்த முதல் கோப்போடு வீடு திரும்பியிருப்பார். மூலமும் பரணுக்குத் திரும்பியிருக்கும். செல்பவர்கள், வேலை தொடங்கும் முன்பே “கலர்ல எடுங்க, ஓரம் வெட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும் வசதியும் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் கலந்த கையெழுத்தைக் காட்டியபோது உரிமையாளர், “இதுக்கு வராதுங்க சார், வீணா காசு குடுக்காதீங்க” என்று தாமே மறுத்துவிட்டார். ஓசூர்ப் பக்கத்துக் காகிதங்களாயிருந்தால் தெலுங்கும் கன்னடமும் வேறு குறுக்கிடும். ஆகவே அந்த வசதியை அச்சிட்ட அரசாணைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோப்புகளுக்குப் பெயரிடுவது நம் பொறுப்பு. அவர்கள் கொடுப்பது வெறும் வரிசை எண்; நான் பசலி ஆண்டை, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டை, முதலில் வைத்துப் பெயரிட்டுக்கொண்டேன். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதால், 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த காலத்துக் கணக்கைத் தேடுபவர் பசலி 1375ஐப் பார்த்தால் போதும்.

வண்ணப் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறார்கள். மடித்த வரைபடத்தை இரண்டு பாதியாக எடுத்து இணைத்துக் கொடுக்க இருபது ரூபாய். பேரேட்டுக்கு அவர்கள் காட்டும் பொறுமையைப் பார்க்க, இந்தக் கட்டணம் அதிகமில்லை. பென்டிரைவை நாமே கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருபவர்களின் மனுக்களால் கடை நிரம்பி வழியும். அன்று பேரேட்டை விரித்து வைக்கவே இடம் கிடைக்காது. மற்ற நாள்களில் பிற்பகலில் சென்றால் நிதானமாக எடுத்துக் கொடுப்பார்கள்.