ஒழுகும் ஸ்கைலைட்டைச் சரிசெய்ய ஆப்பில் ஆள் கூப்பிட்டு 18,500 ரூபாய் போன கதை

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மை எழுப்பினாள். "மக்களே, கட்டில் நனையுது." விளக்கைப் போட்டுப் பார்த்தால் நடுக்கூடத்தில் தலையணை, போர்வை, மாத்திரை டப்பா எல்லாம் ஈரம். மேலே, வெளிச்சத்துக்காகக் கூரையில் வைத்த ஸ்கைலைட்டின் நான்கு ஓரத்திலும் தண்ணீர் சரம் சரமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ரிப்பேர் செய்வதற்கு முன்பு ஒரே மூலையில்தான் சொட்டும். 18,500 ரூபாய் கொடுத்த பிறகு நான்கு பக்கமும் ஒழுகுகிறது. கை நடுங்கத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு தக்கலைக்குப் பக்கத்தில். பழைய ஓட்டு வீட்டில் அடுக்களைக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடு கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து அது ஒழுகிப் பார்த்ததில்லை. சரிவான கூரையில் ஓட்டோடு ஓடாகக் கவ்விக் கிடக்கும், விழுந்த மழை தானே ஓடிவிடும். வார்ப்பு (கான்கிரீட்) வீடு கட்டியபோது வெளிச்சத்துக்காக மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஆறடிக்கு நாலடி திறப்பு விட்டு, சுற்றித் திண்டு கட்டி, இரும்புச் சட்டத்தில் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். எங்கள் மாவட்டத்தில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சமதளத்தில் இப்படி ஒரு திறப்பு விட்டால் வருஷத்தில் பாதி நாள் அதற்குச் சோதனைதான்.

தெரிந்த கொத்தனார் வேறு வேலையில் இருந்ததால், வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. மறுநாளே ஒரு பையன் வந்தான். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் நான் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பேன். அவன் நம்ம பேச்சுப் பேசினான். அம்மை கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டே, "எக்கா, பேடிக்காண்டாம். பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு வெள்ளம் எறங்காது" என்றான். கையால் சட்டத்தைத் தடவிப் பார்த்தான், போனில் படம் எடுத்தான், வேறு வீடுகளில் செய்த வேலை என்று பத்துப் படம் காட்டினான். அங்கேதான் நான் விழுந்தேன். பத்து வருஷ வாரண்டியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினான். அவனிடம் நான் பில்கூடக் கேட்கவில்லை. அட்வான்ஸ் 10,000, வேலை முடிந்த அன்று சாயங்காலமே மீதி 8,500. மழை பெய்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு மரியாதையாகப் பேசினான். மொத்தம் 18,500. வீட்டுக்காரர் குவைத்தில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணம்.

வேலை மூன்று மணி நேரம்கூட இல்லை. மேலே போய் எட்டிப் பார்த்தபோது அவன் ஷீட்டின் மேலேயே கால் வைத்து நின்று, இடுக்கை அடைக்கும் சிலிகான் பசை டியூபை அமுக்கிக்கொண்டிருந்தான். கயிறு இல்லை, பலகை இல்லை. கீழே பத்தடியில் டைல்ஸ் தரை. எனக்கு உயிரே போய்விட்டது. "இதெல்லாம் பழக்கம் எக்கா" என்றான். அப்போதே இறங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் முதல் மழை. மூன்று இடத்தில் சொட்டியது. கூப்பிட்டால், "புதுசு எக்கா, செட் ஆகணும்." இரண்டாவது மழைக்கு, "நான் திருநெல்வேலி சைட்ல இருக்கேன், ஞாயிற்றுக்கிழமை வாறேன்." நான்கு ஞாயிறு போய்விட்டது. ஆப்பின் உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் ஆளை அறிமுகம் செய்வது மட்டும்தான், வாரண்டி அவர் தனிப்பட்ட முறையில் கொடுத்தது என்றாள். மறுபடி கூப்பிட்டால், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி. யார் தீர்த்தது? கடைசியாக வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். பத்து வருஷ வாரண்டி இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று கிடக்கிறது. 18,500 ரூபாய்க்கு என் கையில் மிஞ்சியது அந்த ஒரு வரி.

இன்று காலை மழை விட்ட நேரத்தில் எங்கள் பழைய கொத்தனார் அண்ணன் வந்து, ஏணியில் நின்றே பார்த்தார். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். சிலிகான் ஒரு முழ நீளத்துக்கு, ரப்பர் மரத்துப் பட்டையிலிருந்து ஒட்டுப்பால் உரிவதுபோல, அப்படியே வந்துவிட்டது. அடியில் பச்சைப் பாசி. "தேய்ச்சுக் கழுவாம பாசி மேலயே ஒட்டியிருக்கான், டீச்சர். பழைய சிலிகானையும் சுரண்டல. எங்க பிடிக்கும்?" அவன் விட்டுப்போன டியூபில் வினிகர் வாடை. அந்த வகை சிமெண்டில் நிற்காது, பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது, நியூட்ரல் சிலிகான்தான் போட வேண்டும் என்றார். உண்மையான கோளாறு வேறு இடத்தில். ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறது. திண்டு மூன்று அங்குலம்தான், குறைந்தது ஆறு அங்குலம் வேண்டுமாம். கனமழையில் மட்டுப்பாவில் தேங்கும் தண்ணீர் திண்டைத் தாண்டி ஏறுகிறது. போதாததற்குத் தண்ணீர் வடிய விட்டிருந்த கீழ் இடைவெளியையும் அந்தப் பையன் அடைத்துவிட்டான். அவன் மிதித்த இடத்தில் ஸ்க்ரூவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். இனி ஷீட்டையே மாற்ற வேண்டும்.

எல்லாம் விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்.

மழையில் யாரையும் மேலே ஏற்றாதீர்கள். ஷீட்டிலோ கண்ணாடியிலோ யாரும் மிதிக்கக் கூடாது, வீட்டு ஆளானாலும் சரி. முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதீர்கள். ஹோஸ் வைத்து, கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே வரை ஒவ்வொரு பக்கமாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தால் அந்த நிமிஷமே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நான் எடுக்கவில்லை.

1915 எண்ணில் நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். அதில் ஆகவில்லை என்றால் நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கொடுத்த வேலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது இரண்டும் போனில் இருக்கிறது, 10,000 ஒன்று, 8,500 ஒன்று. அதையாவது அவனால் அழிக்க முடியாது.

தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்தால் கூப்பிடுங்கள், அதுவரை யாரும் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஏணியில் நின்றபடியே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மையின் கட்டிலை அடுக்களைப் பக்கம் மாற்றியாகிவிட்டது. மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.