ரியூப் முடிய எத்தனை நாள்? மங்கு, பரு, படை, தேமல்: மட்டக்களப்பு வெயிலில் மாதக்கணக்காகப் பூசும்போது

தோல் வைத்தியர் எழுதித்தந்த கிறீம் வேலை செய்கிறதா என்று ஒரு வாரத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரியூப்பைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். 50 கிராம் சன்ஸ்கிறீன் ஆறு மாதமாகியும் முடியவில்லை என்றால் அது பூசப்படவேயில்லை, தடவப்பட்டிருக்கிறது. பருவுக்குப் பூசும் அடபலீன் கிறீம் 15 கிராம் மூன்று வாரத்தில் காலியென்றால் அளவு மிஞ்சிவிட்டது. முகம் எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கமாகப் பார்க்க வேண்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஏழெட்டுப் பாகை வடக்கே. மப்பில்லாத நாளில் நண்பகல் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். நடு வருடத்தில் கச்சான் காற்று தோலைக் காய வைக்கும், மற்ற மாதங்களில் புழுக்கம் வியர்க்க வைக்கும். குளிர் நாட்டில் எழுதிய 'காலையில் ஒருமுறை பூசுங்கள்' என்ற லேபல் இந்த ஊருக்குப் பொருந்தாது.

சன்ஸ்கிறீன்

பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் (வெயிலைத் தடுக்கும் வலுவைக் காட்டுவது) ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஏறத்தாழ ஒரு கிராமுக்கு மேல் வரும்: ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு. முதல் தடவை பார்ப்பவருக்கு அது மிக அதிகமாகத் தெரியும். அதில் பாதியை முதலில் பூசி, இரண்டு நிமிடம் பொறுத்து மீதியைப் பூசினால் பிசுபிசுப்புக் குறையும். காலையில் ஒன்று, பன்னிரண்டு மணியளவில் ஒன்று என்று பூசுபவருக்கு 50 கிராம் ஒரு மாதம் தாண்டாது. கட்டுப்படியாகாவிட்டால் குடை, தொப்பி, முழுக்கை எல்லாம் அதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். விலை கூடிய ரியூப்பைக் கடுகளவு தடவுவதைவிட விலை குறைந்ததை அளவாகப் பூசுவதே புத்தி. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத யூவி-பி கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக மனம் உடைய வேண்டியதில்லை.

மாதக்கணக்காகப் பூசும்போது வருகிற குறைகள் மூன்று. வியர்வையோடு வழிந்து கண் எரியும், ஆகவே கண்ணைச் சுற்றி மட்டும் ஸிங்க் ஒக்ஸைட் வகையைப் பூசலாம். அந்த ஸிங்க் வகையே மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோல நிற்கும். மங்கு (முகத்தில் படரும் கருமை) உள்ளவர்களுக்கு நிறம் கலந்த வகை சிறந்தது, அதிலுள்ள இரும்பு ஒக்ஸைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. வெறும் சன்ஸ்கிறீன் பூசி மங்கு அசையாமல் இருப்பதற்கு இந்த ஒளியும் ஒரு காரணம். ஆனால் கடைக்கு வரும் நிறங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலுக்கானவை, தாடை ஓரத்தில் பூசிப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, ஸ்கூட்டி சீற்றின் அடியில் வைத்த ரியூப். அந்தச் சூட்டில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து, திறந்ததும் நீராக ஒழுகும். அதை எறிந்துவிடலாம். பாசிக்குடாவிலோ அறுகம் குடாவிலோ கடலில் இறங்குகிறவர்களுக்கு நீரைத் தாங்கும் வகை தேவை. அதுவும் 40 அல்லது 80 நிமிடக் கணக்குத்தான், துவாயால் துடைத்தவுடன் மறுபடி பூச வேண்டும்.

பருவுக்கு அடபலீன்

0.1 சதவீதம், இரவில், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது பிழை. இது இருக்கிற பருவைவிட இனி வரப்போகும் பருவுக்கான மருந்து. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கோரமும் உதட்டோரமும் விட்டுப் பூச வேண்டும். முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கொருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை பரு கூடினதுபோலத் தெரியும். தோல் உரியும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இங்கேதான். 12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிவந்து எரிந்தால் ஈரப்பதக் கிறீமை முதலில் பூசி அதன்மேல் அடபலீன் பூசலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும் பூசக்கூடாது. கூடவே பென்சோயில் பெரொக்ஸைட் எழுதினால் 2.5 சதவீதம் போதும், 10 சதவீதம் எரிவைக் கூட்டுமே தவிரப் பலனைக் கூட்டாது. தலையணை உறையும் துவாயும் வெள்ளையாக இருக்கட்டும். நிறத்துணியை அது வெளிறச் செய்யும், சலவையில் திரும்பி வராது.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு, கொப்புளம் கொப்புளமாக வந்தால் அது பரு இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்கால்களில் இறங்கியதாக இருக்கலாம். அன்ரிபயோற்றிக் எடுத்தால் அது கூடும். தேங்காயெண்ணெயை நெற்றி வரை வழியவிடும் வழக்கம் இரண்டுக்கும் உரம். தலைக்கு வைப்பதை யாரும் தடுக்கவில்லை, இரவு வைத்துத் தலையணையில் ஊறவிடாமல் குளிக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் வைத்தால் போதும்.

மங்கு

இதைக் குணமாக்குவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். அடக்கி வைக்கலாம். ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், இரவில், கருமை உள்ள இடத்தில் மட்டும், மூன்று மாதம் வரை, பிறகு வைத்தியர் பார்த்து இடைவெளி. கிறீம் மண்ணிறமாகிவிட்டால் அது காற்றுப்பட்டுக் கெட்டது. வருடக்கணக்காக விடாமல் பூசினால் கன்ன எலும்பின்மேல் நீலக்கருமைப் புள்ளிகள் வரக்கூடும். அது மங்கைவிடக் கறுப்பு, லேசில் போகாது. மூன்று மருந்து கலந்த கிறீமில் ஹைட்ரோகுவினோனோடு ட்ரெட்டினொயினும் ஒரு ஸ்டீரொயிட்டும் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு எழுதிய அந்தத் துண்டைப் போட்டோக்கொப்பி எடுத்துவைத்து இரண்டு வருடம் வாங்குவதுதான் எங்கள் ஊர் வியாதி.

அசெலாயிக் அமிலம் 20 சதவீதம் மெதுவானது, நாலு மாதமாவது எடுக்கும். முதல் இரண்டு வாரம் எறும்பு ஊர்வதுபோல அரிக்கும். கர்ப்பகாலத்திலும் பூசலாம் என்பதால் அதற்கொரு தனி இடமுண்டு. ட்ரனெக்சாமிக் அமிலக் குளிசை, பெரும்பாலும் 250 மில்லிகிராம் இரண்டு வேளை, பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருத்தடைக் குளிசையே மங்கைக் கூட்டக்கூடும். அதற்காகத் தன்பாட்டில் நிறுத்தாமல் மருத்துவமாதுவிடம் வேறு முறை கேளுங்கள். விறகடுப்பின் வெக்கையும் ஒரு காரணி. தேசிக்காய்ப்புளி பூசி வெயிலில் நிற்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புளியும் வெயிலும் சேர்ந்து தோலைச் சுட்டு, மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தழும்பைத் தரும்.

பெயரில்லாத டப்பி

ஒரு கிறீம் ஐந்தாறு நாளில் முகத்தை வெளிறச் செய்தால் சந்தோசப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். கல்யாண வீட்டில் "என்னகா, முகம் பளிச்செண்டு கிடக்கு, என்ன பூசுற?" என்ற ஒரு கேள்வியில் அதே டப்பி பத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. அவ்வளவு வேகம் காட்டுபவை பெரும்பாலும் இரண்டுதான்: வலுவான ஸ்டீரொயிட், பாதரசம்.

க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீரொயிட். கரப்பனுக்கு, குறித்த நாளுக்கு, குறித்த இடத்துக்கு அவை நல்ல மருந்துகள். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆனால் முகத்துக்கு அழகுக்கிறீமாகத் தினமும் பூசும்போது முதல் மாதம் பளபளப்பு. இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புக்கோடுகள் தெரியும், மென்மயிர் அடர்ந்து வளரும், ஒரே மாதிரிச் சிறு பருக்கள் கிளம்பும். இரண்டு நாள் பூசாவிட்டால் முகம் நெருப்பாக எரியும். 'கிறீம் இல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு நல்ல கிறீம்' என்று அதை மாறி விளங்கிக்கொள்கிறார்கள்.

நிறுத்தினால் சில நாட்களுக்குள் சிவப்பு, வீக்கம், சீழ்ப்பரு எல்லாம் ஒன்றாக வரும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே பல மாதம் பூசியவர்கள் தனியே நிறுத்தாமல் வைத்தியரிடம் போவது நல்லது. வலுக்குறைந்த ஸ்டீரொயிட்டுக்கு மாற்றி, நாள் இடைவெளி கூட்டி, ஸ்டீரொயிட் இல்லாத டக்ரோலிமஸ் களிம்பு கொடுத்து இறக்குவார்கள். டக்ரோலிமஸும் முதல் வாரம் எரியும், அந்த எரிவு அடங்கும். இந்தக் காலத்தில் சவர்க்காரம், ஸ்கிரப், ஆவி பிடித்தல் மூன்றும் வேண்டாம். மென்மையான கழுவியும் வாசனையில்லாத ஈரப்பதக் கிறீமும் போதும். சிவப்பு இறங்கினாலும் நரம்புக்கோடு எல்லாருக்கும் முழுதாக மறைவதில்லை.

பாதரசத்தைக் கண்டுபிடிக்க லேபலில் 'கலோமெல்', 'மெர்குரி' என்ற சொற்களையும், 'தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படவிடாதீர்கள்' என்ற எச்சரிக்கையையும் தேடுங்கள். நகையில் படக்கூடாத கிறீம் கன்னத்தில் படலாமா? அது சிறுநீரகத்தைத் தாக்கும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம் வந்தால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை. துவாயிலும் தலையணையிலும் ஒட்டிக் குழந்தைகளுக்கும் போகும். பாதரசம் பற்றி 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இதை அழகுசாதனங்களிலிருந்து நீக்கச் சொல்கிறது, டப்பிகள் இன்னும் வருகின்றன.

படையும் தேமலும்

அரையில் வரும் படைக்கு பாமசியில் கேட்டால் சில நேரம் ஸ்டீரொயிட், அன்ரிபயோற்றிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த ரியூப் கைக்கு வரும். அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளே படரும், வட்டத்துக்குள் வட்டமாக விரியும். பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதை ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை பூசி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். 2020இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப்பெயர் பெற்ற பூஞ்சை வகை தெற்காசியாவில் பரவியிருக்கிறது, டெர்பினஃபைன் என்ற வழக்கமான பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் மசியாது. அப்போது இற்றாக்கொனசோல் போன்ற குளிசை வைத்தியர் கணக்கில் வேண்டியிருக்கும். வயலிலோ தோணியிலோ நனைந்த சாரனை உடனே மாற்றுங்கள். அரைஞாணைக் கழற்றி எறியுங்கள், மருந்து பூசிய இடத்தில் பூஞ்சையைத் திரும்பக் கொண்டுவருவதில் அந்தக் கயிற்றுக்கும் பங்குண்டு. வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து.

தேமலுக்கு கீற்றோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை மேலில் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பூஞ்சை போன பிறகும் வெளிறல் மாதக்கணக்கில் நிற்கும். நகத்தால் சுரண்டும்போது மாவுபோலச் செதிள் உதிராவிட்டால் மருந்து வேலை செய்துவிட்டது, நிறம் திரும்பக் காத்திருப்பதுதான் மிச்சம்.

வெளிறிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சுநுனி படுவது தெரியாவிட்டால், அங்கே வியர்க்காவிட்டால், அது தேமலில்லை, தொழுநோயாக இருக்கலாம். தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த மாந்தீவின் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது, ஆனால் தொழுநோய் இப்போது வீட்டிலிருந்தே 6 அல்லது 12 மாதம் இலவசக் குளிசையில் மாறும் நோய். தாமதித்தால்தான் கைகால் நரம்பு போகும்.

பீல், லேசர்

சுருக்கமாக. எங்கள் நிறத்துக்கு முடி நீக்க நீள்துடிப்பு என்டி-யாக் 1064 லேசர் பாதுகாப்பானது. ஆறு முதல் எட்டு அமர்வு, நாலு ஆறு வார இடைவெளி. பிசிஓஎஸ் (முகத்தில் முடி வளரச் செய்யும் ஓமோன் கோளாறு) இருந்தால் அதைப் பார்க்காமல் செய்வது காசைக் கரைப்பது. பீல் (அமிலம் பூசித் தோலின் மேற்படையை உரிப்பது) செய்வதற்கு முன் இரண்டு நாலு வாரம் கிறீமால் தோலைத் தயார்படுத்தாத இடத்தில் உட்காராதீர்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குள் புதிதாக எதுவும் வேண்டாம், கருமை படிந்தால் இறங்க நேரமிருக்காது. தொடங்க மாரி மாதங்கள் நல்லது. வெள்ளையாக்கும் குளுட்டாதயோன் ஊசி பற்றி பிலிப்பைன்ஸ் மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள நியாயமான ஒரு காரணமும் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது பூசிய எல்லா ரியூப்பையும் டப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், காலியானவற்றையும் சேர்த்து. மாதம் ஒருமுறை அதே ஜன்னலருகில், அதே நேரம், பவுடர் இல்லாமல் எடுத்த படங்கள் போனில் இருக்கட்டும். படைக்கு மருந்தெடுக்கப் போகிறவர்கள் பூஞ்சைக் கிறீமைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போவது நல்லது. பூசிக்கொண்டே போனால் சுரண்டி எடுத்துப் பார்க்கும்போது பூஞ்சை அகப்படாமல் போகலாம்.